தோட்டத்துப் பழைய பள்ளிக்கூடக் கட்டடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியத் தமிழ்த் தொழிலாளர்கள் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்து 200 ஆண்டானதைக் குறிக்கும் மலையகம் 200 நினைவாக, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்ததிலிருந்து, தோட்டப் பாடசாலைகளின் பழைய கட்டடங்களைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பழைய மாணவர்கள், புதிதாக மாற்றம் பெற்று வந்த ஆசிரியர்கள், அபிவிருத்திச் சங்கத்துக்காரர்கள் என்று பல பேர். கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் கீழே எழுதியிருக்கிறேன்.

"பழைய பள்ளிக்கூடம், பழைய பள்ளிக்கூடம்னு சொல்றீங்களே, எதைச் சொல்றீங்க?"

தோட்ட நிர்வாகம் தன் நிலத்தில், தன்னிடம் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டிய ஒற்றை மண்டபத்தைத்தான். நீளவாக்கில் ஒரே அறை, கருங்கல் அத்திவாரம், இடுப்பளவு சுவர், தகரக் கூரை, முன்னால் ஒடுக்கமான ஓர் இஸ்தோப்பு (தாழ்வாரம்). பல தோட்டங்களில் இன்று அதில் முதலாம் தரம் நடக்கிறது, அல்லது சத்துணவு சமைக்கிறார்கள், அல்லது உடைந்த வாங்கு மேசைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் இவை அதிகம். ஹற்றன், பதுளை, கண்டி நகரங்களில் மிஷன்கள் கட்டிய பெரிய கல்லூரிகள் வேறு கதை. அவற்றுக்கு வரைபடம் இருந்தது, கட்டணம் இருந்தது, மணிக்கூண்டு கூட இருந்தது. இங்கே அவற்றைப் பேசவில்லை.

"நம்ம ஆளுக வந்து 200 வருசம்னா, பள்ளிக்கூடத்துக்கும் அவ்வளவு வயசு இருக்குமா?"

இருக்காது. 1824இல் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹாபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டதிலிருந்துதான் பெருந்தோட்டக் கணக்கு தொடங்குகிறது. கோப்பி என்பது பருவத்துப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு ஆள் தேவை, மற்ற மாதங்களில் அவ்வளவு தேவையில்லை. தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்தவர்களில் பலர், வேலை முடிந்ததும் அதே வழியில் திரும்பினார்கள். வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். வந்து போகிறவர்களுக்குத் துரைமார், அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்கார முகாமையாளர்கள், பள்ளிக்கூடம் கட்டப்போவதில்லை.

1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. 1867இலேயே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலையில் வருசம் முழுக்கக் கொழுந்து வரும். ஆகவே வருசம் முழுக்க ஆள் வேண்டும், பெண்களின் கையும் வேண்டும். குடும்பங்கள் லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், நிலைத்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். பள்ளிக்கூடம் என்ற பேச்சு வலுத்தது அதற்குப் பிறகுதான்.

"அப்போ தேயிலைக்கு முன்னாடி படிப்பு வாசனையே கிடையாதா?"

இருந்தது, கட்டடம்தான் இல்லை. 1854இல் கண்டியை மையமாக வைத்து, சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆதரவில் தமிழ் கூலி மிஷன் தொடங்கியது. அதன் உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிரசங்கத்தோடு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். சில தோட்டங்களில் முதல் பாடசாலை அவர்களுடையதுதான்.

இன்னொரு பக்கம் லயப் பள்ளிகள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், அநேகமாகக் கங்காணிக்கோ கணக்கப்பிள்ளைக்கோ வேண்டியவர், மாலை நேரம் இஸ்தோப்பில் பிள்ளைகளை உட்காரவைத்து அரிச்சுவடியும் வாய்ப்பாடும் நடத்துவார். தமிழ்நாட்டு ஊரில் இருந்த திண்ணைப் பள்ளியை அவர்கள் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். என் மனதுக்கு மலையகக் கல்வியின் தொடக்கம் அந்த இஸ்தோப்புதான். சட்டமும் கட்டடமும் பிறகு வந்தவை.

"சட்டத்துக்குப் பயந்துதான் கட்டினாங்கன்னு சொல்றாங்களே, எந்தச் சட்டம்?"

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம். 6 வயது முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் பொறுப்பையும், அதற்குத் தகுந்த ஓர் அறையை ஒதுக்கிப் பராமரிக்கும் பொறுப்பையும் அது தோட்டத்தின் தலையில் வைத்தது. பிறகு 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் வந்தது. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு அனுப்பக் கூடாது என்றது. அதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: 10 மணிக்குப் பிறகு அனுப்பலாம். அதனால்தான் பாட்டன் பாட்டிமார் "விடிஞ்சதும் பள்ளிக்கூடம், அப்புறம் மலைக்கு" என்று சொன்னார்கள்.

கட்டடத்தைப் புரிந்துகொள்ள ஒரு விசயத்தை நினைவில் வைக்கவேண்டும். சட்டம் கேட்டது "தகுந்த ஓர் அறை". எவ்வளவு போதும் என்று தீர்மானிக்கும் இடத்தில் தோட்டம்தான் இருந்தது. கல்வித் திணைக்களத்தின் பரிசோதகர் வந்து பார்த்து, பதிவு செய்த பாடசாலைக்கு நன்கொடைப் பணம் சிபார்சு செய்வார். கட்டிய செலவும் பராமரிப்பும் தோட்டக் கணக்கில்தான். கூடுதலாக ஒரு யன்னல் வைத்தால்கூட அது செலவுப் புத்தகத்தில் ஏறும். நான் பார்த்த மண்டபங்களில் எதைப் பார்த்தாலும் அந்தக் கணக்கு தெரிகிறது.

"எங்க பள்ளிக்கூடம் பார்க்கிறதுக்கு அச்சொட்டா கொழுந்து மடுவம் மாதிரியே இருக்கே, முன்னாடி மடுவமா இருந்திருக்குமோ?"

இருந்திருக்கலாம். பழைய மடுவத்தையும் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை), பிள்ளைமடுவத்தையும் (பிள்ளைக் காப்பகம்), கைவிட்ட ஸ்டோரின் (தேயிலைத் தொழிற்சாலை) ஒரு பகுதியையும் பள்ளியாக்கிய தோட்டங்கள் உண்டு. ஆனால் தோற்றம் ஒன்றுபோல் இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கவேண்டாம். புதிதாகக் கட்டிய பள்ளியும் அப்படித்தான் இருக்கும். தோட்டத்தில் இருந்த கொத்தனாருக்கும் தச்சருக்கும் லயமும் மடுவமும் ஸ்டோரும் கட்டித்தான் பழக்கம். அதே கல், அதே மரம், அதே தகரம், அதே கை.

வித்தியாசம் உள்ளளவில் தெரியும். லயத்தில் 10 அடிக்கு 12 அடி என்று காம்பரா காம்பராவாகக் குறுக்குச்சுவர் இருக்கும். பள்ளி மண்டபத்தில் ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை தடுப்பே இருக்காது. மடுவமாக இருந்து மாற்றியிருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் வண்டியோ சாக்கோ வரப் போதுமான அகன்ற வாசல் இருந்து, பிறகு அடைக்கப்பட்டிருக்கும். அடைத்த இடத்தில் கல்வரிசை ஒட்டாது. சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே கோடு தெரியும்.

"சுவரை ஏன் பாதியில நிப்பாட்டிட்டாங்க? காசு மிச்சம் பிடிக்கவா?"

காசும் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. மின்சாரம் இல்லாத காலம். கண்ணாடி யன்னல் விலை கூடிய பொருள். ஐம்பது அறுபது பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் இருந்தால் வெளிச்சமும் காற்றும் வேண்டும். அரைச்சுவர் இரண்டையும் செலவில்லாமல் தந்தது. ஆசிரியர் ஒருவரே இருந்ததால் வெளியே வருகிறவர் போகிறவரைப் பார்க்கவும் வசதி. துரையும் கணக்கப்பிள்ளையும் ரோட்டில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்க்கவும் வசதி.

கஷ்டம் பட்டது பிள்ளைகள். ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையைச் சாய்த்து உள்ளே அடிக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை வடகீழ் பருவத்தில், டிசெம்பரை ஒட்டி வரும். சில மண்டபங்களில் மழை வரும் பக்கச் சுவரை மட்டும் கூரை வரை உயர்த்தி, மறுபக்கத்தைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அந்த மலையில் காற்று எந்தத் திசையில் வரும் என்று தெரிந்த ஒரு கொத்தனாரின் வேலை அது. உங்கள் மண்டபத்தில் ஒரு பக்கம் மட்டும் முழுச்சுவர் இருந்தால், பிறகு கட்டியது என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அத்திவாரத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

"மழை பெய்ஞ்சா ஒரு சொல்லும் கேக்காது. தகரத்தை யாரு கண்டுபிடிச்சாங்க?"

கோப்பிக் காலத்துக் குடிசைகளுக்கு மானாப்புல் கூரைதான். புல் தீப்பிடிக்கும், அடிக்கடி மாற்றவேண்டும். நாகம் பூசிய நெளி தகரம் பிரித்தானியாவிலிருந்து வந்தது. பாரம் குறைவு, அடுக்கி ஏற்றலாம், மெல்லிய மரச்சட்டம் போதும். ஓடு போட்டால் பாரமும் கூட, மாட்டு வண்டியில் மலை ஏறுவதற்குள் பாதி உடையும். ரயில் 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல்தான் பதுளைக்கும் வந்தது. ஸ்டேசனிலிருந்து தோட்டத்துக்கு வண்டிப்பாதை.

தகரத்துக்கு அடியில் பலகை அடித்துச் சத்தத்தையும் குளிரையும் குறைக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே தெரியும். துரை பங்களாவில் அடித்திருக்கிறார்கள். பள்ளியில் அடிக்கவில்லை. தகரத்தைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை, அந்த இல்லாத பலகையைப் பற்றி உண்டு.

"ஒரே மண்டபத்துல அஞ்சு வகுப்பை எப்படி நடத்துனாங்க சேர்?"

பெரும்பாலும் ஒரே வாத்தியார்தான். ஒரு வகுப்பு கிழக்கு பார்த்து, அடுத்தது மேற்கு பார்த்து, சின்னப் பிள்ளைகள் நடுவில் தரையில். கரும்பலகை சுவரில் பதித்தது அல்ல, காலில் நின்றது, தூக்கி வைக்கலாம். பெரிய வகுப்புக்குக் கணக்கைப் போட்டுவிட்டு, சின்னவர்களுக்குச் சிலேட்டில் எழுத்துக் காட்டுவார். சட்டாம்பிள்ளை வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். தடுப்புச் சுவர் இருந்திருந்தால் ஒருவரால் ஐந்து வகுப்பையும் பார்த்திருக்க முடியாது. மண்டபம் ஒன்றாக இருந்ததற்கும் ஆசிரியர் ஒருவராக இருந்ததற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

மண்டபத்தை ஒட்டி வாத்தியார் வீடு இருந்தால் அதையும் சேர்த்தே பாருங்கள். பள்ளி விட்டபின் இந்தியாவுக்குக் கடிதம் எழுதவும், வந்த கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லவும் ஆட்கள் கூடிய இடம் அது. பல தோட்டங்களில் அந்த வீடு மண்டபத்துக்கு முன்பே இடிந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்தை ஏன் இப்படி முட்டுல கொண்டுபோய் வச்சாங்க? பிள்ளைகளுக்கு ஓடி விளையாட ஒரு இடம் இல்லையே."

நல்ல மண் தேயிலைக்குப் போய்விட்டது. பாறை முட்டு, ரோட்டோரத் துண்டு, ஓடைக்கரை, கோயிலுக்கும் பெரட்டுக் களத்துக்கும் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) இடைப்பட்ட மிச்சம் என்று பயிருக்கு உதவாத இடமே பள்ளிக்கு வந்தது. சரிவை வெட்டிக் கட்டியதால் பின்சுவரே மண் தாங்கும் சுவராகவும் நிற்கும். அந்தச் சுவர் எப்போதும் ஈரமாக இருப்பது இதனால்தான்.

மைதானத்துக்கு இன்றும் இடம் கிடைக்காததற்குக் காரணம் நில உரிமை. 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. பாடசாலை அரசின் கல்வித் துறையினுடையது, வேலிக்கு அப்பால் உள்ள ஒரு சதுர அடிக்கும் தோட்டத்தின் சம்மதம் வேண்டும்.

"இதைத் துரைதானே கட்டிக் கொடுத்தாரு? கல்வெட்டுல அவர் பேரைப் போடணும்னு சில பேர் சொல்றாங்க."

தோட்டம் பணம் போட்டது உண்மை, சட்டம் போட வைத்தது. சில துரைமார் உண்மையான அக்கறையோடு செய்திருக்கிறார்கள், அதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் எழுதுங்கள். ஆனால் கல் உடைத்தவர், சுமந்தவர், அடுக்கியவர், மரம் அறுத்தவர் எல்லாரும் லயத்து ஆட்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கல்வெட்டு வைப்பதானால் "இத்தோட்டத் தொழிலாளர் கட்டியது" என்ற வரி முதலில் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"அரசாங்கம் எப்ப பொறுப்பெடுத்துச்சு? அதோட கட்டடம் மாறிச்சா?"

நாடு முழுக்க இலவசக் கல்வி வந்தது 1945இல். 1947இன் கல்வித் திருத்தச் சட்டம் தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்க வழி வைத்தும், மிகச் சிலவே ஏற்கப்பட்டன. 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோனது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்தபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. தோட்டங்கள் அரசுடைமையானபின், 1970களின் பிற்பகுதி தொடங்கி 1980களின் நடுப்பகுதி வரைதான் பெரும்பாலானவை கையேற்கப்பட்டன. நாட்டின் மற்றப் பிள்ளைகளைவிட ஒரு தலைமுறைக்கு மேல் தாமதம்.

கையேற்றபின் ஆசிரியர்கள் கூடினார்கள். உடனே மண்டபத்துக்குள் தடுப்புகள் வந்தன: முதலில் பலகைத் தட்டி, பிறகு செங்கல். அரைச்சுவருக்கு மேல் கம்பிவலை அடித்தார்கள். 1980களின் பிற்பாதியில் சுவீடன் அரசின் சீடா என்ற உதவி நிறுவனத்தின் பணத்தில் புதிய வகுப்பறைகள் எழுந்தன. சீமெந்துக் கல், கொங்கிரீட் தூண், அஸ்பெஸ்டஸ் கூரை கண்டால் அவை இந்தப் பிற்காலத்தவை.

"எங்க கட்டடம் எந்தக் காலத்ததுன்னு நாங்களே கண்டுபிடிக்கலாமா?"

முடியும். மேலே சொன்ன அடையாளங்களைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அத்திவாரம் கருங்கல்லா, இடையில் மண்சாந்தா, சுண்ணாம்பா, சீமெந்தா? கூரைச் சட்டம் கோடரியால் செதுக்கியதா, வாளால் அறுத்ததா? தகரத்தை மட்டும் நம்பவேண்டாம், அது பலமுறை மாறியிருக்கும். முகப்பில் பொறித்த ஆண்டையும் யோசித்தே எடுங்கள். பழைய ஸ்டோரிலிருந்து கழற்றி வந்த கல்லாக இருக்கலாம்.

கட்டடத்தைவிடக் காகிதம் நன்றாகப் பேசும். பாடசாலை அதிபரிடம் கேட்டுச் சேர்விடாப்பையும் (பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடு) சம்பவத் திரட்டையும் (பள்ளி நிகழ்வுகளை எழுதும் புத்தகம்) பாருங்கள். முதல் சேர்விலக்கம் எந்த ஆண்டு, பரிசோதகர் எப்போது வந்தார், கூரை எப்போது பறந்தது, எல்லாம் அதில் இருக்கும். 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில், பிரஜாவுரிமை இல்லாத 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. சேர்விடாப்பில் விலகிய காரணம் எழுதும் இடத்தில் பக்கம் பக்கமாக "இந்தியா" என்றிருந்தால், அந்த ஒப்பந்தம் உங்கள் மண்டபத்தை எப்படிக் காலியாக்கியது என்பது தெரியும். இந்தப் புத்தகங்களைக் கரையானுக்குக் கொடுக்காதீர்கள். இன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுங்கள். ஆனால் அதில் உள்ளவர்களின் விபரங்களை ஃபேஸ்புக்கில் போடவேண்டாம், பலர் உயிரோடு இருக்கிறார்கள்.

"தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதினா காப்பாத்துவாங்களா?"

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் பொது எல்லைக்கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்குப் பிந்தியவை தாமாகவே பாதுகாப்புப் பெறுவதில்லை, அரச வர்த்தமானியில் (அரசிதழில்) தனியாக அறிவிக்கவேண்டும். மலையகத் தமிழர் கட்டியது எல்லாமே அந்தத் தேதிக்குப் பிந்தியது. எழுதுங்கள், ஆனால் பதில் வரும்வரை காத்திருந்து கட்டடத்தை விழவிடாதீர்கள். கம்பளைப் பக்கம் பீக்கொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளி மண்டபத்தையும் அப்படி வைக்கமுடியும்.

"சுவர் ஊறுது. சீமெந்து பூசினா சரியா?"

சரியாகாது. மண்சாந்தோ சுண்ணாம்போ வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சில வருசத்தில் பூச்சும் உப்பி விழும், சாந்தும் கரையும். முதலில் கூரைப் பீலியைச் சரிசெய்யுங்கள். அடுத்தது மேல்பக்கக் கானை (வடிகாலை) வெட்டித் தண்ணீரைத் திருப்புங்கள். தோட்டத்தில் கான் வெட்டத் தெரியாத ஆள் கிடையாது. சுவரை நன்றாகக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புச் சாந்தால் இடைவெளிகளை அடைத்து வெள்ளையடியுங்கள்.

அஸ்பெஸ்டஸ் தகடுகளைப் பிள்ளைகளைக் கொண்டோ சிரமதானத்திலோ உடைத்துக் கழற்றவேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து.

"இடிச்சிட்டு 100 அடிக்கு 20 அடி கட்டடம் தர்றதா சொல்றாங்க. நீங்க வேணாம்னு சொல்வீங்களா?"

பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும், அதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, பிழைத்தவர்கள் தங்கியது அயலிலிருந்த பாடசாலைகளில். பள்ளிக்கூடம் உறுதியாக நிற்கவேண்டிய கட்டடம். பின்சரிவில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாக ஊறும் தண்ணீர் கண்டால் வரலாறு பேசாமல் பிள்ளைகளை வெளியேற்றி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள்.

சரிவு பாதுகாப்பானது என்று அறிக்கை வந்தால் என் பதில் வேறு. புதியதைப் பக்கத்தில் கட்டக் கேளுங்கள். பழைய மண்டபத்தை நூலகமாகவோ, முன்பள்ளியாகவோ, கூட்ட மண்டபமாகவோ ஆக்கலாம். இடமே இல்லை, இடித்துத்தான் ஆகவேண்டும் என்றால், இடிப்பதற்கு முன் நாலு பக்கமும் அளந்து வரைந்து படமெடுங்கள். கருங்கல்லைக் கொந்தராத்துக்காரர் ஏற்றிப்போக விடாமல் புதிய கட்டடத்தின் அத்திவாரத்துக்கே கேளுங்கள்.

"நூற்றாண்டு விழாவை எந்த வருசத்தை வச்சுக் கொண்டாடுறது? ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க."

நாலு ஆண்டுகள் போட்டிக்கு வரும்: லயத்தில் படிப்பு தொடங்கிய ஆண்டு, பதிவான ஆண்டு, மண்டபம் கட்டிய ஆண்டு, அரசு ஏற்ற ஆண்டு. கடைசியை எடுக்கவேண்டாம், அது கை மாறிய தேதி மட்டும். சேர்விடாப்பில் முதல் பிள்ளையின் பெயர் பதிந்த ஆண்டை எடுங்கள், எழுத்தில் காட்டக்கூடியது அதுதான். அதற்கு முந்தியது பெரியவர்களின் வாய்மொழியில் மட்டும் இருந்தால், விழா மலரில் "அதற்கு முன்னரும் லயத்தில் வகுப்பு நடந்ததாக மூத்தோர் கூறுவர்" என்று சொன்னவரின் சம்மதத்தோடு எழுதுங்கள். முதல் இடாப்பு தொலைந்திருந்தால், தோட்ட அலுவலகத்திலும் வலயக் கல்வி அலுவலகத்திலும் தேடிய பிறகே அழைப்பிதழ் அச்சடியுங்கள்.